1958ஆம் ஆண்டு வரித்துண்டும் வன்னியில் நாம் சேர்க்கவேண்டிய பைலும்

பூட்டானின் தெற்கு மாவட்டங்களில் 1988ஆம் ஆண்டு குடிசனக் கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரிகள் வீடு வீடாகக் கேட்டது முப்பது வருடம் பழைய ஒரு காகிதத்தை. 1958ஆம் ஆண்டு காணிவரி கட்டிய பற்றுச்சீட்டு. அது இருந்தால் நீங்கள் பூட்டான்காரர். இல்லாவிட்டால், அப்பா எந்த வயலை உழுதார், தாத்தா எந்தக் காட்டை வெட்டினார் என்பதெல்லாம் எடுபடவில்லை. 1957ஆம் ஆண்டுத் துண்டைக் கொண்டுவந்து காட்டியவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வருடத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் 1985ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1958 டிசம்பர் 31ஆம் திகதியோ அதற்கு முன்னரோ நாட்டில் குடியிருந்து பதிவேட்டிலும் பெயர் உள்ளவர்களுக்கே பதிவின்படி குடியுரிமை என்று அது சொன்னது. கணக்கெடுப்பில் மக்களை எப்1 முதல் எப்7 வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். எப்1 என்றால் உண்மையான பூட்டானியர், எப்7 என்றால் வெளிநாட்டவர். ஒரே வீட்டில் புருஷன் ஒரு வகை, மனைவி இன்னொரு வகை என்று விழுந்தது. இப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் நேபாளி பேசும் லோத்சம்பா மக்கள். அவர்களுக்காக அரசருக்கு 1988இல் மனு எழுதிய ஆலோசனைச் சபை உறுப்பினர் தேக் நாத் ரிசால் பதவி இழந்தார். பிறகு நேபாளத்தில் இருந்தபோது பிடித்துக் கொண்டுபோகப்பட்டு, 1999 டிசம்பர் வரை சிறையில் கிடந்தார். 1989இல் பள்ளிக்கூடங்களில் நேபாளி மொழியை நிறுத்தினார்கள். 1990இல் மனித உரிமையும் ஜனநாயகமும் கேட்டு ஊர்வலங்கள் நடந்தன. அதன் பின்னர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியா வழியாகக் கிழக்கு நேபாளத்துக்குப் போய் பெல்டாங்கி, கோல்டாப், திமாய், கூதுனாபாரி, சனிச்சரே முகாம்களில் பதினைந்து, இருபது வருடம் இருந்தார்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஒரு கிராமத்தில் மாதர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். என் தங்கச்சி டென்மார்க்கில். 2007க்குப் பிறகு இந்த மக்களை எட்டு நாடுகள் பொறுப்பெடுத்தபோது டென்மார்க்கும் கொஞ்சப் பேரை எடுத்தது. அப்படி வந்த ஒரு பாட்டி தங்கச்சியின் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் வீடியோ அழைப்பில் அந்தப் பாட்டி தன்னுடைய துண்டை எனக்குக் காட்டினார். உள்ளங்கை அளவுதான். மடிப்பில் கிழிந்து, ஓரம் மஞ்சள் பிடித்து, மையில் எழுதிய ஒரு தொகையும் முத்திரையின் பாதியும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை ஒரு துணிப்பைக்குள் வைத்திருந்தார். அதை வைத்திருந்தும் வெளியேற்றப்பட்டவர் அவர். ஆனாலும் முகாமிலும் சரி, விமானத்திலும் சரி, அதைக் கையை விட்டு விடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் வீடு வீடாகக் குடும்பப் பைல் சேர்க்கும் வேலையைத் தொடங்கினோம். எப்படிச் செய்கிறோம் என்பதைக் கீழே எழுதுகிறேன். ஒரு காகிதம் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டியின் கதையே அப்படி இல்லை. ஆனால் கேட்கிற இடத்தில் கையை விரித்து நிற்கிறவரைத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் மிகச் சுலபம்.

எங்களுக்கு இது வெளிநாட்டுக் கதையும் இல்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத்து மக்கள் குடியுரிமை இழந்தார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் அவர்கள் தங்களுக்கென்று ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1964இல் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்தன. என் அம்மா லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் குடியுரிமைப் பத்திரம் கையில் கிடைத்தது. அது 2009இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ போய்விட்டது.

முதலில் ஆள் ஆளாக

பைல் தொடங்கும்போது காணியிலிருந்து தொடங்க வேண்டாம். ஆளிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. வயதில் மூத்தவரின் உறை முதலில், ஏனென்றால் அவருடைய காகிதத்தைத் தேடுவதுதான் கஷ்டம். மற்றவர்களின் பதிவுகள் பெரும்பாலும் அவருடைய பெயரிலிருந்துதான் தொடங்கும்.

ஒவ்வொரு உறைக்குள்ளும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரண்டு பக்கக் கொப்பி, கலியாணப் பதிவு, படித்தவர் என்றால் பாடசாலை விடுகைப் பத்திரம். கணினியில் ஏற்றப்பட்ட பிறப்புப் பதிவு என்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். பழைய பதிவுகளைத் தேடும்போது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் பரந்தனிலோ பூநகரியிலோ பிறந்தவரின் பத்திரத்தில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். விண்ணப்பத்தில் கிளிநொச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவே இல்லை என்ற பதிலோடு அழுதுகொண்டு வந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். முல்லைத்தீவுக்காரர்களும் எழுபதுகளின் கடைசிக்கு முந்திய பிறப்புக்கு இதேபோல மாவட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் சும்மா வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். தேடிப் பார்த்தும் பதிவு இல்லை என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். அதற்குத் துணையாகப் பாடசாலை அனுமதி இடாப்பின் பிரதி, ஞானஸ்நானப் பதிவு, சாதகக் குறிப்பு, கிளினிக் கொப்பி, எது இருந்தாலும் கொண்டுபோங்கள். சாதகத்தை வைத்து என்ன செய்வது என்று நினைக்க வேண்டாம். பிறந்த காலத்திலேயே எழுதின எதுவும் பெறுமதியானது.

பெயர் எழுத்து. இதில்தான் அதிகமான குடும்பங்கள் மாட்டுப்படுகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, காணிப் பேமிட்டில் (அரச காணிக்குத் தருகிற அனுமதிப்பத்திரம்) அப்பாவின் பெயர் முன்னால், கலியாணப் பதிவில் பின்னால். இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசியை சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து, உறையின் முதல் தாளாக வையுங்கள். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அவரைக்கொண்டு இதைச் செய்விப்பது நல்லது.

வருடச் சங்கிலி

பூட்டானிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பெரிய பாடம் இதுதான். அங்கே ஒரு வருடத்தைத்தான் கேட்டார்கள். அடுத்த முறை எந்த நாட்டில் யார் எந்த வருடத்தைக் கேட்பார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் ஒரு சான்று போதும் என்று இருக்காமல், வருடம் வருடமாக ஒரு சங்கிலி பிடிக்க வேண்டும்.

அதற்கு மிக நல்ல சாமான் வாக்காளர் இடாப்பு. உங்கள் பெயர் அந்தந்த வருட இடாப்பில் இருந்ததற்கான பிரதியை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். வருடங்களைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வீட்டு இலக்கமும் கிராம அலுவலர் பிரிவும் தெரிந்திருந்தால் தேடுகிறவருக்கு லேசு. வாக்காளர் பதிவுக்கான பி.சி படிவம் வரும்போது, விதானையார் பழைய பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்வார் என்று விட்டுவிடாமல் நீங்களே நிரப்பிக் கொடுங்கள். பிறகு வரைவுப் பட்டியலை ஒட்டும்போது போய்ப் பெயரைப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லிக் கோரக் காலம் தருகிறார்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை.

வாக்குப் போடுவது வேறு, பட்டியலில் இருப்பது வேறு. யாருக்கு வாக்குப் போட்டு என்ன கிடைத்தது என்று வெறுத்துப் போனவர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். பூட்டானில் 2008 மார்ச்சில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசியலமைப்பு வந்தது. உலகம் முழுக்க வாழ்த்தினார்கள். அந்த ஜனநாயகத்தை முதலில் வாய்விட்டுக் கேட்ட மக்கள் அன்றைக்கு நேபாள முகாம்களில் மூங்கில் குடிசைகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வாக்கில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கிறதில்லை.

வாக்காளர் இடாப்போடு மின்பட்டியல், சோலைவரிப் பற்றுச்சீட்டு, சமுர்த்திக் கொப்பி, வீட்டுத்திட்டக் கடிதம், மெனிக் பாம் முகாமில் தந்த குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு எல்லாம் வருட வரிசையில் வையுங்கள். முகாம் அட்டையைப் பார்க்கவே மனம் வராது என்று எரித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனதை நான் குறை சொல்லமாட்டேன். இன்னும் வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்கிறேன், எறிய வேண்டாம். 2009க்கும் 2012க்கும் இடையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், யாரால் அங்கே வைக்கப்பட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி.

காணி

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடி, தோம்பின் பிரதி எடுத்து வையுங்கள். வன்னியில் பெரும்பாலும் பேமிட் காணிதான். பேமிட் தொலைந்தவர்கள் பிரதேச செயலகக் காணிக் கிளையில் தங்கள் பெயர் லெட்ஜரில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். லெட்ஜரில் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். அப்புறம் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேமிட்காரர் உயிரோடிருக்கும்போதே அது முறையாகப் பதியப்பட வேண்டும். பதியாமல் அவர் இறந்துவிட்டால் சட்டம் சொல்கிற வரிசைப்படிதான் காணி போகும். 2022இல் திருத்தும்வரை அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. மகளுக்குத்தான் என்று வாயால் சொல்லிவிட்டுப் போன அப்பாமார் எத்தனையோ பேர். வாய்ச்சொல்லை லெட்ஜரில் எழுதமாட்டார்கள்.

பழைய பேமிட்டை எப்படிக் கையாளுவது என்று சொல்ல வேண்டும். எங்கள் கிராமத்தில் ஒரு ஐயா கொண்டுவந்தது நாலாக மடித்து, மடிப்புகளில் முழுதாகப் பிரிந்து நாலு துண்டாக இருந்தது. அவர் செலோடேப் ஒட்டச் சொன்னார். ஒட்டக்கூடாது. வருடம் போக டேப் மஞ்சளாகி மையையும் சேர்த்து உரித்துவிடும். லெமினேட்டும் செய்யக்கூடாது, அலுவலகத்தில் முத்திரையைத் தொட்டுப் பார்க்கவோ மேலே குறிப்பு எழுதவோ முடியாமல் போகும். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, நாலு துண்டையும் அதில் சேர்த்து வைத்து, கண்ணாடி போன்ற பைல் உறைக்குள் அப்படியே மெதுவாகத் தள்ளினோம். வெயில் நேரடியாக விழாத முற்றத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்தோம். எல்லைகளை எழுதிய வரி மங்கலாக இருந்ததால் அதைக் கிட்டப் பிடித்து இன்னொரு படம். ஐயாவுக்கு அந்த வரி மனப்பாடம், வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒழுங்கை என்று படித்துக்கொண்டே நின்றார்.

ஆள் இல்லாத உறை

காணாமல் ஆக்கப்பட்டவருக்கும் ஒரு உறை வேண்டும். அவருடைய பிறப்புச் சான்றிதழ், படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, ஆணைக்குழுக்களில் கொடுத்த வாக்குமூலத்தின் இலக்கம் எல்லாவற்றையும் அதில் வையுங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டம் மரணச் சான்றிதழ் எடுக்க வழி வைத்தது. எங்கள் அம்மாமார் பலர் அதைத் தொடவில்லை, சரிதான். 2016இல் வந்த திருத்தத்தின்படி, இறந்தார் என்று ஒத்துக்கொள்ளாமலே, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்கலாம். அதைக் காட்டிப் பிள்ளைகளின் அலுவல், காணி அலுவல் பார்க்கலாம். எடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. யாரும் அவசரப்படுத்தக்கூடாது, நிவாரணம் தருகிறோம் என்று சொல்லிக்கூட.

கையெழுத்து

பூட்டானை விட்டுப் போனவர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் விரும்பித்தான் போகிறோம் என்பது அதன் பொருள். பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. சிலரைப் படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். அந்தக் கையெழுத்து என்ன செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பூட்டான், நேபாள அரசாங்கங்கள் இரண்டும் சேர்ந்து கூதுனாபாரி முகாமில் விசாரித்து 2003 ஜூனில் முடிவு சொன்னபோது, பன்னிரண்டாயிரம் பேரில் பலவந்தமாக வெளியேற்றப்பட்ட பூட்டானியர் என்று ஏற்றுக்கொண்டது 293 பேரை மட்டும். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் விரும்பிப் போனவர்கள் என்ற வகையில் போடப்பட்டார்கள்.

ஆகவே, வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்காதீர்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை, அதற்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. வெற்றிடம் விட்ட படிவம் என்றால் அந்த வெற்றிடத்தில் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் திகதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அங்கேயே போனில் ஒரு படம் எடுங்கள். காணி விடுவிப்பு, மாற்றுக் காணி, நட்டஈடு என்று வருகிற படிவங்களில் இன்னும் கவனம் வேண்டும். மாற்றுக் காணியை ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரிக்குள்ளே சொந்தக் காணியைக் கைவிடுகிறேன் என்பது மறைந்திருக்கலாம். கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு சனம் 2017இல் வீதியோரத்தில் ஒரு மாதம் குந்தியிருந்து, படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் நிலத்தின் ஒரு பகுதியை மீட்டார்கள். வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுத்தும் சொந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள்.

பதில் தராத இடத்துக்கு

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், நாளைக்கு வாங்கோ என்று. எழுதிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த அரச அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கேள்வியைக் குறுக்கமாக வையுங்கள். என் காணிக்கு என்ன நடந்தது என்று கேட்டால் ஒரு வரி மழுப்பல் வரும். இன்ன கிராம அலுவலர் பிரிவில் இன்னார் பெயரில் உள்ள லெட்ஜர் பக்கத்தின் பிரதி வேண்டும் என்று கேட்டால் பிரதி வரும். அல்லது இல்லை என்ற பதிலாவது கையெழுத்தோடு வரும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபால் துண்டைக் கடிதப் பிரதியிலேயே பின் குத்தி வையுங்கள்.

அடிப்படை உரிமை மீறல் என்றால் நாட்கணக்குப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அவர்களின் விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அழைத்தாலும் எழுத்திலும் ஒன்று கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது

மூலப் பத்திரம் வீட்டில், தண்ணீர் போகாத பையில், கதவுக்குப் பக்கத்தில். அலுமாரியின் அடியில் வைக்க வேண்டாம், ஓடவேண்டி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் எடுக்க நேரம் இருக்காது. ஒரு போட்டோக் கொப்பிக் கட்டு வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில். படங்கள் ஒரு மின்னஞ்சலில். வெளிநாட்டில் அண்ணாவோ அக்காவோ இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இருக்கிற நாட்டில் குடியுரிமை எடுக்கத் தகுதி வந்தால் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய பூட்டான் அகதிகளில் சிலரை 2025இல் அந்த நாடு பூட்டானுக்கே திருப்பி அனுப்பியது. பூட்டான் அவர்களை வைத்திருக்காமல் எல்லைக்கு வெளியே தள்ள, மறுபடியும் நேபாளத்தில் போய் நின்றார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

கடைசியாக, இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு. மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும், குடியுரிமைச் சான்றிதழும் எடுத்திருக்க வேண்டும். இல்லாமல் வந்திருந்தால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வவுனியா அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் கலியாணப் பதிவையும் முகாம் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். பிள்ளை சிறியதாக இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள், பாடசாலையிலும் சேர்த்துக்கொள்வார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் அதிபரிடமிருந்து வரும்போதுதான் சிக்கல் தெரியும். அப்போது நாள் போதாது. எட்டாம் வகுப்புக்கு வருமுன் தொடங்கிவிடுங்கள்.